தறிப் பேச்சு

எங்கள் ஷெட்டில் ஒருத்தியை ஒருத்தி திட்ட வேண்டுமென்றால் வாயைத் திறந்தால் போதும், குரல் வேண்டாம். விசைத்தறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் மறுநாள் யாராவது சொல்லித்தான் தெரியும். அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். உதட்டை அகல அசைத்து, கண்ணையும் புருவத்தையும் சேர்த்து, கையால் கொஞ்சம் உப்புப் போட்டுப் பேசினால் அந்தக் கோடியில் நிற்பவளுக்கும் இந்தக் கோடியிலிருந்து ஊர்வம்பு முழுக்கச் சொல்லிவிடலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தறி பழகமாட்டார்கள், இந்தப் பேச்சைத்தான் பழகுவார்கள்.

நான் அங்கே தார் போடுகிறவள். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பதற்குத்தான் தார் போடுவது என்று பெயர். கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஒரு நாள் போட்டுப் பாருங்கள், இடுப்பு பதில் சொல்லும்.

ஷெட்டின் ஒரு பாதிக்கு மேலேயே பலகைத் தளம் போட்டு வரிசையாக வீடுகள். வீடு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், ஒரு அறையும் ஒரு ஜன்னலும்தான். கீழே தறி ஓடுகிற வரைக்கும் மேலே தரை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். படுத்தால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மிருகத்தின் முதுகில் படுத்த மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாகப் பஞ்சுத் தூசி மேலே வந்து வெயிலில் மிதக்கும். அது கீழே விழுவதையே நான் பார்த்ததில்லை. எங்கே போகிறதோ தெரியாது.

என் பக்கத்து வீட்டில்தான் பொடிசு இருந்தாள். அப்பா தறி ஓட்டுகிறவர், அம்மாவும் தறி ஓட்டுகிறவள். கட்டிக்கொண்டதே ஷெட்டில் ஆரம்பித்த உதட்டுப் பேச்சால்தான். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகவில்லை. சோறு வேண்டுமா என்பதும் போதும் என்பதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். பக்கத்து வீட்டில் சண்டையா சமாதானமா என்று சுவரில் காதை வைத்தாலும் எனக்குத் தெரியாது. அந்தக் குறை எனக்கு இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

பொடிசு தொட்டிலில் கிடந்ததே நூல் மூட்டைகளுக்கு நடுவில்தான். நடக்கிற வயதிலேயே எங்கள் உதட்டைப் படித்துவிட்டாள். மேஸ்திரி அந்தக் கோடியில் யாரைப் பற்றி என்ன முணுமுணுத்தான் என்று அவளைக் கேட்டால் போதும், ஒரு எழுத்து குறையாமல் சொல்வாள். "இவ கண்ணுல காது இருக்குடீ" என்று நாங்கள் கன்னத்தைக் கிள்ளுவோம். அவளும் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கீழ் வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். என்ன கேட்டாலும் தலையாட்டுகிறாள், சிரிக்கிறாள், எழுதச் சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறாள் என்று அவர்கள் வகுப்பு சார் சொன்னார். பெரிய டீச்சர் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை அவரே சொல்லச் சொல்ல எழுத வைத்துப் பார்ப்பார். எழுதினால் இந்த வகுப்பு, எழுதாவிட்டால் மறுபடியும் குட்டிப் பிள்ளைகளோடு.

"மறுபடி கீழன்னா நான் போகமாட்டேன்" என்று பொடிசு சொல்லிவிட்டாள். "பெரியம்மா கூட தார் போடறேன்." பெரியம்மா என்றால் நான்தான்.

"அப்படின்னா தறிக்கே வரட்டும். தலைல எழுதிவச்சது அதுதான்னா என்ன செய்ய" என்றார் அவள் அப்பா. சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நல்ல மனிதர்தான். மகளுக்கென்று ஒரு மர மேசை தானே அடித்து வைத்திருந்தவர்.

அந்தப் பிள்ளையின் விரல் தாரில் ஓடுகிற வேகத்தைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நன்றாகப் போடுவாள். அதுதான் பயம். இந்த வேலையில் கெட்டிக்காரியாக இருப்பவளை இது விடவே விடாது, என்னைப் பார்த்தால் தெரியவில்லையா?

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழையோடு அந்தப் பெண் வந்தாள். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் என்ன ஏது என்று பார்ப்பதற்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கும் ஆள். தன்னைவிடப் பெரிய குடை ஒன்றைப் பிடித்திருந்ததால் அன்றிலிருந்து அவள் எங்களுக்குக் குடைக்காரம்மா. வயது என்னவோ சின்னதுதான். பொடிசு பள்ளி விட்டு நேரே ஷெட்டுக்கு வந்து என் பக்கத்தில் பலகை மேடையில் உட்கார்ந்திருந்தாள். குடைக்காரம்மா எங்கள் முன்னால் நின்று ஏதோ கத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்ததுதான் தெரிந்தது.

பொடிசு அவளைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோடியில் தறியருகே நின்ற அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அம்மா அங்கிருந்து பதில் சொன்னாள். பொடிசு குடைக்காரம்மாவின் கையை இழுத்துக் குனிய வைத்து, காதில் சொன்னாள். அம்மா நாடாவில் இருக்கிற தார் முடிந்ததும் வருகிறாளாம், உட்காரச் சொல்கிறாளாம், டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிறாளாம். குடைக்காரம்மா அம்மாவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், உட்காரவில்லை.

அப்போது கரண்ட் போயிற்று.

தறிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடி நின்றன. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று ஷெட்டில் வேலை செய்யாதவர்களுக்குச் சொல்ல முடியாது. தலைக்குள்ளிருந்து யாரோ எழுந்து போன மாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் எல்லோரும் உதட்டாலேயே பேசிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் கூரைக் கண்ணாடி வழியாக மழை வெளிச்சம் இறங்கியது. பஞ்சுத் தூசி அதில் நீந்திக்கொண்டிருந்தது. பொடிசு மேடைமேலேயே எழுந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. நானும் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று குடைக்காரம்மா மெதுவாகக் கூப்பிட்டாள். "பொடிசு."

பிள்ளை திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பொடிசு மட்டும் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எப்பவும் அப்படித்தாங்க, கனவு கண்டுட்டே இருப்பா" என்று சிரித்தபடி அவள் அப்பா வந்தார். மேடைப் பலகையில் காலால் லேசாகத் தட்டினார். பொடிசு சட்டென்று திரும்பினாள். "பாத்தீங்களா?" என்றார் அவர்.

"அவ காதால திரும்பலைங்க" என்றாள் குடைக்காரம்மா. "காலால திரும்பினா."

நாங்கள் எல்லோருமே பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன்னால் பலகையைத் தட்டுகிறவர்கள்தான். ஷெட்டில் வேறு எப்படிக் கூப்பிடுவது? அது ஒரு பழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

சாயங்காலம் பொடிசு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். பொடிசின் அம்மா டீ போட்டு ரொட்டியும் வைத்தாள். குடைக்காரம்மா டம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, உதடு தெரியாமல், "உனக்குப் பிடிச்ச நிறம் என்ன?" என்று கேட்டாள். பொடிசு ஒரு கணம் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், அழகாகச் சிரித்தாள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, என் கண்ணே" என்றாள். "நான் முதுகைக் காட்டிக்கிட்டு சொன்னதுக்கெல்லாம் இப்படித்தானேடி தலையாட்டினே? அதெல்லாம் கேக்காமலா?"

அம்மா எதற்கு அழுகிறாள் என்று பொடிசுக்குப் புரியவில்லை. குடைக்காரம்மா டம்ளரை இறக்கினாள். "வகுப்புல சார் சொல்றது உனக்குத் தெரியுதா?"

"சார் மீசைதான் ஆடும். வாய் தெரியாது" என்றாள் பொடிசு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

"சார் போர்டு பக்கம் திரும்பினப்புறம்?"

"திரும்பினா பேச்சை நிறுத்திடுவார்."

"நிறுத்தமாட்டார்டா. பேசிட்டேதான் இருப்பார்."

பொடிசு நம்பவில்லை. "முகம் இல்லாம எப்படிப் பேசுவாங்க? இருட்டினா எல்லாரும் பேசறதை நிறுத்திடறாங்க இல்ல, அது மாதிரி."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன, டம்ளருக்குள் டீ சின்னதாக நடுங்கியது. இருட்டில் உலகம் முழுக்கப் பேச்சு நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டே ஒரு பிள்ளை எங்கள் நடுவில் வளர்ந்திருக்கிறது.

"அப்போ மத்த பிள்ளைங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு நினைச்சே?" என்று நான்தான் கேட்டேன்.

"அவங்களுக்கு முன்னாடியே தெரியும் பெரியம்மா" என்றாள். "எனக்குத்தான் தெரியாது."

குடைக்காரம்மா மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தால் எவ்வளவு கேட்கிறது என்று தெரியும், காதில் மாட்டுகிற கருவி உதவலாம், வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்து சார் அவளைப் பார்த்துப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும். திங்கட்கிழமைக்கு முன்னால் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள்.

"சொல்லக்கூடாது" என்றார் பொடிசின் அப்பா.

"ஏங்க?"

"என் கூட தறி ஓட்டினவன் பையனுக்கு இப்படித்தான் ஒண்ணு சொன்னாங்க. எங்கேயோ தூரத்துல காது கேக்காதவங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம், அங்கேயே தங்கணும்னு அனுப்பிட்டாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவான். வந்தா அவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு அப்பனுக்கே தெரியலை. என் பொண்ணை நான் அனுப்பமாட்டேன்."

"இவளை அனுப்ப வேண்டியதில்லைங்க. இங்கேயே படிக்கலாம். அதுக்கு நான் நிக்கறேன்."

"நிக்கறேன்னு சொன்னவங்க எத்தனை நாள் நின்னாங்கன்னு நானும் பாத்திருக்கேன் மேடம்." கோபத்தில் அவர் குரல் அறை கொள்ளாமல் கேட்டது. "என் பொண்ணு செவிடு இல்லை. நான் கூப்பிட்டா வருவா."

குடைக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க சம்மதிக்காம நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்றாள். "ஆனா திங்கட்கிழமை அவ மறுபடி தலையாட்டிச் சிரிச்சிட்டு நின்னா, அதைப் பாக்கறதுக்கு நீங்க வரணும். ரெண்டு பேரும் வரணும்." குடையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

பாசத்துக்கு மூளை கிடையாது என்று என் அம்மா சொல்வாள். அவரிடம் சண்டை போடத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் மகள் பக்கத்தில் குனிந்து, உதட்டை அகல அசைத்து, பயப்படாதே என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. தரை நடுங்காது, குடத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்களுக்கோ நடக்கும்போது கால் தள்ளாடும். அன்று பொழுது சாயுமுன்னே பொடிசின் அம்மா விளக்கைப் போட்டுவிட்டாள். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று நான் கேட்டேன். மகளை எதிரில் உட்கார வைத்து முகத்தோடு முகம் பேசிக்கொண்டிருந்தாள். சொற்களைச் சொல்லச் சொல்ல பொடிசு எழுதினாள். தப்பே இல்லை. பழைய பாடம், புதுப் பாடம், நான் சொன்ன வாய்க்கு வந்த வார்த்தை, எதற்கும் தப்பே இல்லை.

பென்சிலை வைத்துவிட்டுப் பொடிசு கேட்டாள். "அம்மா, நிஜமாவே இருட்டுலயும் பேசுவாங்களா?"

"பேசுவாங்கடா."

"என்ன பேசுவாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நானும் அப்பாவும் உன்னைப் பத்திப் பேசுவோம்."

பொடிசு விளக்கைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அதை இப்போ சொல்லு" என்றாள்.

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. நான் போய் இறக்கி வைத்தேன், அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை பொடிசின் அப்பா ஒரு யோசனையோடு எழுந்தார். பெரிய டீச்சர் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து, நடந்துகொண்டே சொல்கிறவர் என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருந்தார். "நீ வராந்தா ஜன்னல்கிட்ட நில்லு" என்றார் மனைவியிடம். "டீச்சர் சொல்றதைக் கேட்டு நீ உதட்டால சொல்லு. அவ உன்னைப் பாத்து எழுதட்டும். சத்தம் வராது, எவனுக்கும் தெரியாது."

"திருட்டுத்தனமில்லையா?" என்றாள் அவள்.

"டீச்சர் சொன்னதைத்தானே நீ சொல்லப்போற? இதுல திருட்டு எங்கே வந்தது?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தறிக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இது தோன்றும்? வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் கூடவே கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்துச் சுவர்கள் எல்லாம் மழையில் ஊறிக் கறுத்திருந்தன. வராந்தாவில் ஈரக் குடைகள் விரித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் சத்தம் ஒரு பக்கமிருந்து அலையடிப்பதுபோல வந்துகொண்டிருந்தது. பொடிசின் அப்பா அதைக் கவனிக்கவே இல்லை, வேறெங்கோ இருப்பவர்போல நின்றார். சின்ன அறை ஒன்றில் பொடிசைத் தனியாக உட்கார வைத்தார்கள். குடைக்காரம்மா கதவருகே நின்றாள், வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு. அவள் கை மட்டும் புடவை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை, களைத்தவர். முதல் வரியைப் பொடிசின் முன்னால் நின்றே சொன்னார். பொடிசு எழுதிவிட்டாள். இரண்டாவது வரிக்குப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாவதுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய், மழையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

பென்சில் முதல் வரியோடு நின்றிருந்தது.

பொடிசின் அப்பா மனைவியின் முழங்கையைத் தொட்டார். அவள் வராந்தா ஜன்னலுக்கு வந்து நின்றாள். கம்பிகளுக்கு நடுவில் அவள் முகம் மகளுக்கு நேரே இருந்தது. டீச்சரின் வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு, உதட்டை அகல அசைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த அறையில் மழையையும் டீச்சர் குரலையும் தவிர வேறு சத்தமே இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து ஒருத்தி பேசுவதுபோல இருந்தது. பொடிசு அவளையே பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. எழுதடி, எழுதிவிடடி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

அவள் எழுதவில்லை. அம்மாவைப் பார்த்தபடியே இல்லை என்று தலையை அசைத்தாள். அந்தத் தலை அப்படி அசைந்து நான் பார்த்ததே இல்லை.

எழுந்து நின்றாள். "டீச்சர்."

டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். பொடிசு காலால் தரையை ஓங்கி உதைத்தாள். அது சிமெண்டுத் தரை, அவ்வளவாகச் சத்தம் வரவில்லை. ஆனாலும் டீச்சர் திரும்பினார்.

"டீச்சர், எனக்குக் கேக்கலை" என்றாள் பொடிசு. "நீங்க அந்தப் பக்கம் பேசினா எனக்கு எதுவுமே கேக்கலை. என்னைப் பார்த்துச் சொன்னா எழுதிடுவேன்."

பெரிய டீச்சர் பிள்ளையைப் பார்த்தார். ஜன்னலில் உறைந்துபோய் நின்ற அம்மாவைப் பார்த்தார். அவள் உதடு இன்னும் பாதி வார்த்தையில் இருந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தான் டீச்சர். எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சேன்."

குடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொடிசின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் போச்சு என்று அவர் உதடு சொன்னது, குரல் வரவில்லை. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து பொடிசுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். முதல் வரியிலிருந்து மறுபடியும் சொன்னார். பொடிசு எழுதினாள், அவர் உதட்டைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக எழுதிக்கொண்டே போனாள். அவர் நிறுத்திய பிறகும் அடுத்தது என்ன என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் போய், இழுப்பறையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டே பேசினார். பேசி முடித்தும் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. பொடிசின் அம்மாவுக்கும் கேட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொடிசின் அப்பா மட்டும் கைகட்டி நின்று, தலையை ஆட்டினார், சிரித்தார்.

பொடிசு அவரை அண்ணாந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாததா? அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்ததும், "அப்பா, உனக்குக் கேக்கலைன்னு சொல்லு" என்றாள்.

அவர் முகம் சிவந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எத்தனை வருஷம் தறியடியில் நின்ற மனிதர், அவர் காதைப் பற்றி அன்றுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"டீச்சர்" என்றார். தேவைக்கு மேல் பலமாகவே வந்தது குரல். "எனக்கும் கேக்கலைங்க. கொஞ்சம் என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

டீச்சர் நிமிர்ந்தார். அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "உங்க பொண்ணு எங்கேயும் போகவேண்டாம். இந்த வகுப்புலயே படிப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. கண் நிரம்பிவிட்டது, நான் பார்த்தேன். ஆனாலும் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்."